சின்ன வெங்காயச் சருகும் தங்கத் தண்ணீரும்

ஏப்ரல் 5, 1982. திங்கள்

வெயில். காலையிலேயே லேப் ஜன்னல் கம்பி சுடுகிறது. ஃபேன் போட முடியாது, பொடி பறக்கும்.

இரண்டாம் மூட்டைப் பொடியை இன்று முதல் தடவையாகக் குழாயில் அடைத்தேன். அடியில் பஞ்சு, அதன்மேல் ஒரு சாண் வெங்காயச் சருகுப் பொடி. மேலே தங்கத் தண்ணீர். பட்டறையில் பழைய நகைத் துண்டுகளை ராஜ திராவகத்தில் கரைத்தபின் பாத்திரங்களைக் கழுவிக் கொட்டுகிற தண்ணீர்தான். வெளிர் மஞ்சள். அதில் தங்கம் இருக்கிறது என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். சருகு தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரைக் கீழே விட வேண்டும். முதல் மூட்டை பொங்கலில் இருந்து அப்படித்தான் விட்டது.

இன்று மஞ்சளாகவே இறங்கியது.

பீங்கான் தட்டில் ஒரு சொட்டு, அதன்மேல் வெள்ளீயக் கரைசல் ஒரு சொட்டு. ஊதா. ஊதா வந்தால் தங்கம் தப்பிவிட்டது என்று அர்த்தம். குழாயை அவிழ்த்துப் புதிதாக அடைத்தேன். ஊதா. சொட்டு சொட்டாக, மெதுவாக விட்டுப் பார்த்தேன். ஊதா.

அட்டெண்டர் சின்னப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா கத்தரிப்பூ கலர்ல வருது? நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுண்ணே."

"பாக்க நல்லாத்தாம்மா இருக்கு."

அம்மை போட்டு நான் ஊரில் கிடந்தபோது, இந்த மூட்டையைத் தயார் செய்தவர் அவர்தான். நான் எழுதிக் கொடுத்த சீட்டுப்படி சருகு வாங்கி, கழுவி, காயவைத்து, மெஷினில் அரைத்தே வைத்திருந்தார். மிளகாய் அரைக்கிற மெஷின். திறந்தவுடன் தும்மல். அதனால் இருக்குமோ?

புரொஃபஸர் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை.

வாங்க: சோப்பு, இன்லண்ட் லெட்டர், தலைவலி மாத்திரை.


ஏப்ரல் 6. செவ்வாய்

சொன்னேன். வாயைத் திறக்கக் காலை முழுவதும் போயிற்று. அவர் மூன்று தடவை என் மேஜையைத் தாண்டிப் போனார், நான்காவது தடவைதான் குரல் வந்தது.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பொடி அதே பொடி. தண்ணி அதே தண்ணி. முறையும் அதேதான். அப்ப மாறினது என்ன மல்லிகா? நீ அம்மைலேர்ந்து எழுந்து வந்திருக்கே. உடம்பு அசதி. கை நிதானம் இருக்காது. நிதானமாப் பண்ணு, வரும்."

மிளகாய் மெஷினைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவருக்கு வகுப்பு.

பதினாறாம் தேதி டெல்லியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் முன்னால் குழாய் ஒழுங்காக ஓடினால் ப்ராஜெக்ட் இன்னொரு வருஷம். ஓடாவிட்டால் மே மாதத்தோடு சரி. ப்ராஜெக்ட்டும் என் வேலையும்.

சாயங்காலம் பெரிய கடைவீதிச் சந்துப் பட்டறைக்குத் தங்கத் தண்ணீர் வாங்கப் போனேன். பத்தர் கேனை நிரப்பிக்கொண்டே வழக்கமான ஜோக்கைச் சொன்னார்.

"தங்கம் உருக்க நாங்க போடறது வெங்காரம். உங்க காலேஜ்ல யாரோ ஒரு எழுத்தைத் தப்பாப் படிச்சுட்டாங்க பாப்பா. வெங்காயத்தைப் போட்டுட்டாங்க."

போகும்போதெல்லாம் இதே. போகும்போதெல்லாம் சிரிக்கிறேன். இன்று சிரிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

விரல் நுனியெல்லாம் ஊதா. தங்கத் தண்ணீர் பட்ட இடம் மறுநாள் வெயிலில் அப்படி ஆகிவிடும். எலுமிச்சம்பழம், புளி, சோப்பு, எதற்கும் போகாது. ஹாஸ்டல் அறைத்தோழி ரீட்டா கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"மருதாணியா? யாருடி வரா பாக்க?"

"தங்கம்டி."

"கையில நகையாப் போட்டுக்கோன்னா, நீ கறையாப் போட்டுக்கறே."

அவள் டீச்சர். எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்வாள்.


ஏப்ரல் 7. புதன்

இரண்டு குழாய். இரண்டும் ஊதா. கை நடுங்கவில்லை. நடுங்கவே இல்லை.

மதியம் ஹாஸ்டல் வாட்ச்மேன் லேப்புக்கே வந்தார். அப்பா வந்திருக்கிறாராம்.

பார்வையாளர் அறையில், இயேசு படத்துக்குக் கீழே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். துண்டு மடியில். காலடியில் வழக்கம்போல வெங்காயப் பை. துறையூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். சிஸ்டர் கொடுத்த காபியைத் தொடவில்லை, ஆறிப்போயிருந்தது.

கொஞ்ச நேரம் மழை, மாடு, அம்மாவின் முட்டிவலி. பிறகு:

"முசிறிக்காரங்க சம்பந்தம் பேசத் திரும்பவும் ஆள் விட்டாங்க பாப்பா."

வெங்காயப் பையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் அவசரப்படல. வேலை இன்னொரு வருசம் இருக்குன்னா, பொண்ணு வேலையில இருக்கு, பொறுங்கன்னு சொல்லிடலாம். அதுக்கு ஒரு மருவாதி இருக்கு. வேலையும் இல்லைன்னா என்னான்னு சொல்றது? வைகாசியில முடிச்சிடலாங்கறாங்க."

"பதினாறாந்தேதி தெரிஞ்சிடும்ப்பா."

"என்னா தெரியும்?"

"தங்கம் நிக்குதா இல்லையான்னு."

அப்பாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையாட்டினார். என் விரலைப் பார்த்தார், கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். முசிறி ஆள் நல்லவராகவும் இருக்கலாம். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் இன்னும் எதையும் செய்து முடிக்கவில்லை.

பையை மெஸ்ஸில் ஆரோக்கியம் அக்காவிடம் கொடுத்தேன். அவர்தான் எங்கள் சமையல்.

"அக்கா, உரிச்சதும் சருகைக் கொட்டிடாதீங்க. லேப்புக்கு வேணும். இனிமே மெஸ்ல உரிக்கிறதும் எடுத்து வைங்க."

"எதோட சருகு? சின்னதா, பெல்லாரியா?"

கடையில் எல்லாரும் கேட்கிற கேள்வி. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி?"

என் சீட்டு. "வெங்காயச் சருகு, கழுவி, நிழலில் காயவைத்து, அரைத்து." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் வெங்காயம் என்றால் சின்னதுதான், எங்கள் புஞ்சைக் காட்டில் விளைகிறது. பெரியதற்குப் பெயர் பெல்லாரி. அதை யாரும் வெங்காயம் என்று சொல்வதில்லை. இங்கே டவுனில் வெங்காயம் என்றால் பெரியது. எங்களுடையதற்குத்தான் முன்னால் "சின்ன" போட வேண்டும். முதல் மூட்டை அம்மா பொங்கலுக்கு அனுப்பியது. இரண்டாவது?


ஏப்ரல் 8. வியாழன்

போனவுடன் சின்னப்பன் அண்ணனைக் கேட்டேன்.

"எந்த வெங்காயம்ணே அது?"

"வெங்காயம்தாம்மா. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நம்ம மச்சான் ஓட்டல்ல இருக்கான், அங்க சொல்லிவெச்சு வாங்கினேன்."

"பெரிசா?"

"ஓட்டல்ல வேற என்னா போடுவான்? பெல்லாரிதான். கண்ணு எரியக் கூடாதுன்னு தண்ணியில ஊறப்போட்டுத்தான் உரிப்பானுங்க. அதனால கழுவற வேலை மிச்சம்மா."

ஊறவைத்து. தொட்டியில் கிடந்து. சாயமெல்லாம் தண்ணீரோடு போயிருக்கும். அந்தச் சாயம்தானே தங்கத்தைப் பிடிப்பது.

அண்ணன் முகம் சுருங்கியது. "தப்பாயிடுச்சாம்மா?"

"நான் எழுதினது தப்புண்ணே."

சாரிடம் சொல்ல வேண்டும். சொல்வதை மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சாருக்குப் பிறந்ததிலிருந்து வெங்காயம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில் யாருக்கும் கிடையாது. அவர் கட்டுரை எழுதி டெல்லிக்கு அனுப்பிய பொருளை அவர் பொடியாகத்தான் பார்த்திருக்கிறார். இதை எப்படி எடுத்துச் சொல்வது? குத்திக்காட்டுவதுபோல் இருக்காதா?

நான்காவது தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் அறைக்குப் போனால், பூட்டு. இன்று பங்குனி உத்திரம். கோயிலில் சேர்த்தி சேவை, சார் மதியமே கிளம்பிவிட்டாராம். நாளை பெரிய வெள்ளி, காலேஜ் லீவு. திங்கள்வரை லீவு.

பதினாறு வெள்ளிக்கிழமை.


ஏப்ரல் 9. வெள்ளி

ஹாஸ்டலில் மௌனம். மணிகூட அடிக்கவில்லை. எல்லாருக்கும் கஞ்சி. துணி துவைத்தேன். படுத்தே கிடந்தேன்.

நாளை சார் வீட்டுக்கே போக வேண்டியதுதான்.


ஏப்ரல் 10. சனி

ஒன்றாம் நம்பர் பஸ். உத்திரக் கூட்டம் இன்னும் வடியவில்லை. காவிரியில் மணல்தான்.

பையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் எங்கள் ஊர்ச் சருகு, ஒன்றில் மெஸ்ஸில் எடுத்த பெல்லாரித் தோல். சார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும்தான் உறைத்தது, எதைத் தூக்கிக்கொண்டு எங்கே வருகிறேன் என்று. திரும்பி பஸ் ஸ்டாப்வரை நடந்தேன். மறுபடி வந்தேன். தெருக்கோடியில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா இரண்டு தடவையும் பார்த்தாள்.

சாரின் மனைவி கதவைத் திறந்தார்.

"யாரு, மல்லிகாவா? வாடிம்மா. அம்மை வந்துதுன்னாரே, தேவலையா? எப்படிக் கறுத்துப் போயிருக்கே!" சொல்லிக்கொண்டே மூக்கைச் சுருக்கினார். "பையிலே என்னடி?"

"சருகு மாமி. சருகு மட்டுந்தான்."

"அந்தச் சைக்கிள் பக்கத்திலே வெச்சுட்டு நீ உள்ளே வா."

கோபமாகச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வா என்பதுபோல்தான். உள்ளே போனேன். நீர்மோர் கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிவைக்க வேண்டுமா, அப்படியே வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மாமியே கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

சார் வந்தார். நெற்றியில் திருமண், மேலே சட்டை இல்லை, துண்டு. லேப்பில் பார்க்கிற சார் இல்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது:

"சார், ரெண்டு வெங்காயம் இருக்கு சார்."

"எங்கே? பையிலயா?"

"இல்ல சார். உலகத்துல."

சமையலறையிலிருந்து மாமி சிரிக்கிற சத்தம். சார் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். சொன்னேன். சீட்டில் நான் எழுதியது, ஓட்டல், ஊறவைத்தது எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை.

பிறகு, "ரெண்டுக்கும் தாவரப் பேர் ஒண்ணுதானேம்மா? நான் அதைத்தானே ரிப்போர்ட்ல போட்டிருக்கேன்."

"பேர் ஒண்ணுதான் சார். சருகு வேற."

"எனக்கு யாரும் சொன்னதே இல்லையே."

மாமி வாசற்படியில் வந்து நின்றார். "எனக்குத் தெரியுமேன்னா. கறிகாய் வாங்கறச்சே பக்கத்துலதானே கொட்டி வெச்சிருப்பான், குட்டியா ஒண்ணு, பெரிசா ஒண்ணு. நீங்க என்னைக் கேட்டேளா?"

"உன்னைப் போய் வெங்காயம் கேப்பாளா?"

சார் சைக்கிள் பக்கத்தில் போய்க் குனிந்து, பொட்டலங்களைப் பிரித்தார். எங்கள் சருகு செம்பு நிறம், காகிதம்போல் மொடமொடவென்று. மற்றது வெளிறி, தடித்து, ஈரமாக. இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழசு மிச்சம் இருக்கா?"

"ஒரு குழாய்க்கு வராது சார்."

"ஆறு நாள்ல முடியுமா?"

"பாக்கறேன் சார்."

"உன் கைமேல பழி போட்டுட்டேன்" என்றார், கை கழுவப் போகிறபோது, என்னைப் பார்க்காமல்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கி ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன்.


ஏப்ரல் 11. ஞாயிறு

ஈஸ்டர். மெஸ்ஸில் பிரியாணி. ஆரோக்கியம் அக்கா சின்ன வெங்காயம் உரித்து, சருகை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "இதுல எனக்குத் தோடு செஞ்சு குடுக்கணும்" என்றார்.

இனி இந்தக் குறிப்பில் சி.வெ. = சின்ன வெங்காயம், பெ. = பெல்லாரி. வெங்காயம் என்று வெறுமனே எழுதக் கூடாது.


ஏப்ரல் 12. திங்கள்

காந்தி மார்க்கெட். சின்னப்பன் அண்ணன் ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருக்கிறார். தனியாகத்தான்.

வெங்காய மண்டிப் பக்கம் முன்பு போனதில்லை. தரையெல்லாம் சருகு, நடந்தால் கணுக்காலைச் சுற்றிப் பறக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்" என்று முதுகுக்குப் பின்னால் வருகிறார்கள். ஒரு மண்டி வாசலில் நின்றேன். நான் நிற்பது யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு பெரியவர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு:

"என்ன வேணும்மா? சில்லறைக்கெல்லாம் இங்க கெடையாது."

"சருகு வேணுங்க."

"என்னாது?"

"சருகு. சின்ன வெங்காயச் சருகு மட்டும். பெல்லாரி கலக்காம."

"சருகா! அள்ளிக்கிட்டுப் போ தாயி, கூட்டற வேலை மிச்சம். எதுக்கு, மாட்டுக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தங்கம் எடுக்க" என்றேன்.

"டேய் கேட்டீங்களாடா? இந்தப் பொண்ணு வெங்காயத்துல தங்கம் எடுக்குதாம்!"

மூட்டையோடு போன ஒருவர் நின்றே விட்டார். "அப்ப நாம எல்லாம் யாருண்ணே? சேட்டா?"

"சேட்டு, மூட்டைய எறக்கு முதல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் சாக்கைப் பிடித்துக்கொண்டு வாய் விரித்துக் கொடுத்தது அந்தச் சேட்டுதான். தரைச் சருகை அள்ள விடவில்லை, மண் இருக்கும் என்று உள்ளே சலித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து அள்ளச் சொன்னார். இரண்டு சாக்கு. தூக்கினால் எடையே இல்லை, ஆனால் ரிக்ஷாவில் எனக்கு உட்கார இடமில்லை. மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று.

தலை, காது, ரவிக்கைக்குள் எல்லாம் சருகு.


ஏப்ரல் 14. புதன்

நேற்று எழுத முடியவில்லை, இப்போதும் கொஞ்சம்தான்.

நேற்று: கழுவி (சீக்கிரம், ஊறவிடாமல்), ஹாஸ்டல் மொட்டை மாடியில் பழைய புடவை விரித்து உலர்த்தியது. மதியம் காற்று. பாதிச் சருகு பறந்து சிஸ்டர்களின் தோட்டம், கிணறு, மாதா சிலை இருக்கிற கெபி. ரீட்டாவும் நானும் புடவையை நான்கு முனையில் செங்கல் வைத்து அதன்மேல் உட்கார்ந்தே இருந்தோம். மாதா காலடியில் வெங்காயச் சருகு கிடப்பதைப் பார்த்து மதர் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை மட்டும் என் கையில் கொடுத்தார்.

இன்று: வருஷப் பிறப்பு. எல்லாருக்கும் லீவு. லேப் சாவி வாங்கி, மெஷினில் அரைத்த பொடியை (மாவு மெஷின், மிளகாய் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்) ஃபார்மலினில் போட்டேன். சாயம் தண்ணீரில் ஓடாமல் நிற்பதற்கு. கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரிகிறது. வெங்காயத்துக்கு அழுததா, ஃபார்மலினுக்கா, தெரியவில்லை. பத்து நாளாக முதுகு நிமிரவில்லை.

மாமி சின்னப்பன் அண்ணனிடம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பியிருந்தார். மூடியின்மேல் காகிதத்தில் என் பெயர்.


ஏப்ரல் 15. வியாழன்

சி.வெ. புதுப் பொடி. முதல் குழாய்.

நிறமில்லாமல் இறங்கியது.

வெள்ளீயக் கரைசல். வெள்ளை. மறுபடி. வெள்ளை. தட்டு முழுக்க வெள்ளை. சின்னப்பன் அண்ணன், "இப்ப நல்லதா, கெட்டதா?" என்றார். "நல்லதுண்ணே" என்றேன். "பாக்க ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. பசிதான் தெரிந்தது.

சாரிடம் கேட்டேன், நாளை பெ. குழாயையும் பக்கத்தில் வைக்கட்டுமா என்று.

"தோத்ததை எதுக்கும்மா காட்டணும்? ஜெயிச்சது போதும்."

சரி என்றேன். ஆனால் இரண்டையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். பெ. குழாய் மேஜையின் கடைசியில், அலமாரிக்குப் பக்கத்தில். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.


ஏப்ரல் 16. வெள்ளி

நீலப் புடவை. கையை மறைக்க முடியவில்லை.

வந்த இருவரில் ஒருவர் மெட்ராஸ்காரர், பேசவே இல்லை, விசிறிக்கொண்டே இருந்தார். மற்றவர் டெல்லி, ஊர் நாசிக் பக்கமாம். உயரம், நல்ல சிரிப்பு. சார் விளக்கினார். நான் குழாயில் ஊற்றினேன். மஞ்சள் மேலே, வெறும் தண்ணீர் கீழே. பொடியின் மேல்பக்கம் கறுத்து, வெளிச்சத்தில் கொஞ்சம் மினுங்கியது. டெல்லிக்காரர் குனிந்து பார்த்தார். சார் முகத்தில் நிம்மதி.

பிறகு டெல்லிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார்: எங்கள் பக்கம் வெங்காயம் மலை மலையாகக் கிடக்கிறது, தோல் எவ்வளவு வேண்டுமானாலும் ரயிலில் அனுப்பலாம், பெரிதாகவே செய்யலாம், நாளைக்கே ஏற்பாடு செய்கிறேன்.

எவ்வளவு உற்சாகமாகச் சொன்னார். நாசிக் வெங்காயம். பெரியது.

சார் வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை "நீ சொல்லாதே" என்றா, "நீ சொல்" என்றா, எனக்கு இன்னும் தெரியாது.

"நாட் தட் ஆனியன், சார்" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது. போய்க் கடைசியிலிருந்த குழாயை எடுத்துவந்தேன். ஊற்றினேன். மஞ்சளாக இறங்கியது. தட்டில் இரண்டு சொட்டு பக்கத்தில் பக்கத்தில். ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா. என் விரல் நிறம்.

ஆங்கிலம் பாதியில் நின்றுபோயிற்று. இரண்டு வகை என்றேன், இது ஊறியது என்றேன், பெல்லாரியின் குற்றமா ஊறவைத்த குற்றமா இன்னும் தெரியாது என்றேன். இந்தக் கடைசியைத் தமிழில்தான் சொன்னேன். சார் ஆங்கிலத்தில் சொன்னார்.



டெல்லிக்காரர் தட்டைக் கையில் எடுத்து ஜன்னலிடம் கொண்டுபோனார். என் ஊர் வெங்காயம் தோற்றுவிட்டதா என்று சிரித்தார். பிறகு சாரிடம், புரொஃபஸர், நீங்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், உங்கள் வீட்டில் வெங்காயமே கிடையாதென்று கேள்விப்பட்டேனே?

சார் சொன்னார்: "கிடையாது. அவள் வீட்டில் விளைகிறது."

சாப்பிடப் போனார்கள். நான் குழாய்களைக் கழுவி வைத்தேன். முடிவு கடிதத்தில் வருமாம்.


ஏப்ரல் 20. செவ்வாய்

தங்கம் பிடித்த சருகை எரித்து, சாம்பலைப் பத்தரிடம் கொண்டுபோனேன். வெங்காரம் போட்டு ஊதினார். குகையின் (உருக்குகிற மண்கிண்ணம்) அடியில் ஒரு பொட்டு. கடுகில் பாதி. மஞ்சள்.

பத்தர் அதை ஊசிமுனையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சாக்கடையில ஊத்தினது" என்றார். ஜோக் சொல்லவில்லை. எனக்கு அந்த ஜோக் வேண்டும்போல் இருந்தது.

பொட்டைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு லேபிள் ஒட்டினேன். சி.வெ., திருச்சி.


ஏப்ரல் 24. சனி

சார் அறைக்குக் கூப்பிட்டார். தந்தி மேஜைமேல்.

"ஒரு வருஷம் குடுத்திருக்கா. ரெண்டு வகையையும் ஒப்பிட்டுப் பார்க்கணுமாம். ஊறினது, ஊறாதது, எல்லாம். உனக்குத்தான் வேலை ஜாஸ்தி."

"சரி சார்."

"ரிப்போர்ட்ல திருத்தம் போடணும். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதறது, ஸ்மால் ஆனியன்னா?"

"சின்ன வெங்காயம்னே எழுதிடலாம் சார்."

எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இன்னொரு வருஷம் ஃபார்மலின்.


ஏப்ரல் 25. ஞாயிறு

மேகம், மழை இல்லை. புழுக்கம்.

அப்பா வந்தார். அதே நாற்காலி நுனி. அதே துண்டு.

"என்னாச்சு பாப்பா? நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா. ஒரு வருசம் வேலை இருக்கு." பிறகு, நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று, "முசிறிக்காரங்களைப் பொறுக்கச் சொல்ல வேணாம்ப்பா. வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுங்க. ஒரு வருசத்துல முடியுமான்னு எனக்கே தெரியாது" என்றேன்.

அப்பா படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். என் கையை எடுத்துத் திருப்பி, விரல் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது போகவே போகாதா?"

"தோல் உரிஞ்சாப் போயிடும்ப்பா."

கையை விடவில்லை. பிடித்தபடியே கேட்டார்:

"அம்மாவை இனிமே சருகைக் காத்துல தூத்த வேணாம்னு சொல்லவா? சாக்குல கட்டி வெச்சா, வர்றப்ப பஸ்ஸுல போட்டுக்கிட்டு வந்துடுவேன்."

எந்த வெங்காயம் என்று அப்பா கேட்கவில்லை.